லிவரைப் பிடித்த கை

சுடலைக்கண்ணன் இந்தோனேசியாவிலிருந்து திரும்பி வந்த பதினோராம் நாள் காலையில்தான், தான் ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தது.

வந்து சொன்னவர் நாகராஜ். செம்பூரில் மண் வேலை காண்ட்ராக்டர். ஒன்பது வருஷமாகச் சுடலைக்கண்ணன் ஓட்டியது அவருடைய பொக்லைன் வண்டியைத்தான். தாராவியில் அவன் குடியிருந்த சந்துக்குள் நாகராஜின் உடம்பு நேராக நுழையாது. தோளைத் திருப்பிப் பக்கவாட்டில்தான் வர வேண்டும். அன்றும் அப்படியே வந்து, வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே ஏறினார். அவருடைய யார்டில் ஆட்களை அடக்கி வைத்திருக்கும் சாஹில் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"தோளு எப்படி இருக்கு?" என்று நாகராஜ் கேட்டார்.

"தையல் பிரிச்சாச்சு அண்ணாச்சி. கையைத் தூக்கினா மட்டும் இழுக்கு."

நாகராஜ் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்கு தாள்களை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். பாதி ஆங்கிலம், பாதி இந்தோனேசியப் பாஷை.

"கடைசித் தாள்ல ஒரு கையெழுத்துப் போடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்ன எழுதியிருக்கு?"

"அன்னைக்கு வண்டியில நீ இல்லன்னு எழுதியிருக்கு. லஹாங் உன்னைக் கீழ தள்ளிவிட்டுட்டு அவனே ஏறி ஓட்டினான்னு."

சுடலைக்கண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. லஹாங் அங்கே அவன் வண்டிக்கு வழி காட்டியவன். "லஹாங்கா? அவன் கையில அதுக்கு முன்னாடியே வெட்டு விழுந்துட்டே. அவன் எப்படி லிவரைப் பிடிப்பான்?"

"எல, அதை நானும் கேக்கலை, போலீசும் கேக்கலை. அவனைப் பிடிச்சு உள்ள வெச்சு ஒரு வாரமாச்சு. அந்தப் பய செத்துட்டாம்லா, யாரையாவது பிடிச்சுத்தான ஆகணும்."

"எந்தப் பய?"

நாகராஜ் ஒரு கணம் சாஹிலைத் திரும்பிப் பார்த்தார். "நீ பக்கெட்டால அடிச்சியே, அவன்தான். மூணாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டான். ரூடின்னு பேரு. இருபத்தாறு வயசு."

"காலு மட்டுந்தான் போச்சுன்னு சொன்னீங்க."

"பிளைட் ஏறப் போறவன்கிட்ட வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

அடுப்படியில் நின்றிருந்த செண்பகவல்லி ஸ்டவ்வை அணைத்தாள். டீக்குக் கொதித்த தண்ணீர் அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் புருஷன் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு நாள் யோசி," என்று நாகராஜ் எழுந்தார். "யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் யோசி."

சாஹில் போகிறபோது வாசல் நிலையில் இரண்டு தட்டுத் தட்டினான். "ஜ்யாதா லஃப்டா நஹி சாஹியே, சுடலை பாய்," என்றான். ரொம்பத் தகராறு வேண்டாம் என்று அவன் சொன்னது அன்பாகச் சொன்னதுபோலத்தான் இருந்தது.

சுடலைக்கண்ணன் இந்தோனேசியக் காட்டுக்குப் போனதற்கே காரணம் தகராறுதான். அதற்கு முந்தைய வருஷம் மும்பையில் கோவண்டிப் பக்கம் குடிசைகளை இடிக்கிற வேலைக்கு அவன் வண்டி போயிருந்தது. ஜனங்கள் கல்லெறிந்தார்கள். ஒரு கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அவனுடைய முன்பல் ஒன்றைக் கொண்டுபோனது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவர் வெளியே வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர்கள் அவரை அடித்து இழுத்து வெளியே போட்டார்கள். அதற்கப்புறம் அந்தச் சுவரைச் சாய்த்தது சுடலைக்கண்ணன். அன்று சாயங்காலம் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, இனி இந்த வேலைக்கு வர மாட்டேன் என்று நாகராஜிடம் சொன்னான்.

"அப்ப இந்தோனேசியாவுக்குப் போறியா? நமக்கு அங்க ஒரு சப் காண்ட்ராக்ட் வந்திருக்கு," என்றார் நாகராஜ். "எல்லாம் காடு. மரம் கல்லெறியாது."

அந்த ஊரின் பெயர் லோங் பெரவாய். லோங் என்றால் சின்ன ஆறு போய்ப் பெரிய ஆற்றில் சேருகிற இடம். போர்னியோத் தீவில், கடற்கரைப் பட்டணத்திலிருந்து ஒரு நாள் பஸ், அப்புறம் ஒன்றரை நாள் படகு. ஆற்றின் கரையோடு அறுபது வீடுகள், எல்லாம் மரக்கால்களின்மேல் நிற்கும். நடுவில் ஊர் கூடுகிற நீண்ட மரக் கொட்டகை. ஒரு மாதாகோவில். ஆறாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். கரண்ட் என்பது ஜெனரேட்டர் ஓடுகிற நாலு மணி நேரம். போனில் பேச வேண்டுமானால் ஊருக்குப் பின்னால் இருக்கிற குன்றில் அரை மணி நேரம் ஏற வேண்டும். மழை பெய்தால் அதுவும் கிடையாது. மழை அநேகமாக எல்லா நாளும் பெய்தது.

எண்ணெய்ப் பனை வைக்கிற ஒரு கம்பெனிக்குக் காட்டுக்குள் சாலை போடுவதுதான் வேலை. முதல் மாதம் அவனுக்கு மூச்சு முட்டியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு லுங்கி அகலத்துக்குத்தான் தெரியும். தாராவிச் சந்தும் அப்படித்தான் என்று அப்புறம் அவனே நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

வண்டிக்கு முன்னால் நின்று கொடி காட்டி வழி சொல்கிற வேலைக்குக் கம்பெனி வைத்திருந்தது லஹாங்கை. நாற்பத்திரண்டு வயது, அந்த ஊர்க்காரன், முன்பு மரம் வெட்டுகிற கம்பெனிகளில் இருந்தவன். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை எதுவும் இல்லை. ஒரு நாள் ஆற்றில் போன பெரிய படகைக் காட்டி லஹாங் "கப்பால்" என்றான். சுடலைக்கண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "கப்பலா? எங்க ஊர்லயும் கப்பல்தான்," என்றான். கடையும் அங்கே கடைதான் என்று தெரிந்தது. அதிலிருந்து ஆரம்பித்து, எட்டு மாதத்தில் அவன் லஹாங்கோடு சண்டை போடுகிற அளவுக்குப் பேசப் பழகிவிட்டான்.

லஹாங்கின் மனைவி இரண்டாவது பிரசவத்தின்போது படகிலேயே செத்துப்போனவள். ஆஸ்பத்திரி இருக்கிற பட்டணத்துக்கு இன்னும் பாதி நாள் வழி இருந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை. அதனால்தான் லஹாங்குக்குச் சாலை வேண்டும். கம்பெனி ஊருக்குச் சாலை தருகிறேன் என்றது, மருந்துக்கடை வரும் என்றது, பிள்ளைகள் பத்தாவது வரைக்கும் படிக்க வண்டி ஓடும் என்றது. ஊரில் பாதிப் பேர் லஹாங் பக்கம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அவன் தங்கை புலான் எதிர்ப் பக்கம். "எண்ணெய்ப் பனை வெச்ச ஊர்ல மீன் கிடையாது, காட்டுப்பன்றி கிடையாது, கடைசியில ஊரே கிடையாது," என்பாள் அவள். அண்ணனும் தங்கையும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போடுவார்கள். அந்தத் தட்டில் சுடலைக்கண்ணனுக்கும் பங்கு இருந்தது. லஹாங்கின் எட்டு வயது மகள் அவன் பல் போன இடத்தில் விரலை விட்டுப் பார்ப்பாள்.

பதினோராவது கிலோமீட்டரில்தான் விஷயம் வெளியே வந்தது. சர்வேக்காரர்கள் நட்ட குச்சிகள் ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. நேராகக் குன்றுக்குப் பின்னால், பனை வைக்கப்போகிற மேட்டுக்குப் போயின. வழியில் ஊரார் தேன் எடுக்கிற மரங்கள் இருந்தன. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்தது. அதைத் தாண்டி இடுகாடு. லஹாங்கின் மனைவியைப் புதைத்த இடத்தின்மேல் ஒரு சிவப்புக் குச்சி நின்றது.

லஹாங் அந்தக் குச்சியைப் பிடுங்கவில்லை. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையிலிருந்த கம்பெனி ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் செயின்மேல் வைத்துவிட்டு ஊரைப் பார்த்து நடந்தான்.

அடுத்த நாள் ஊர் முழுக்க வந்து சாலைக்குக் குறுக்கே பிரம்புக் கயிறு கட்டியது. ஓரத்தில் ஒரு குடிசை போட்டுப் பெண்கள் சமைத்தார்கள். பத்தொன்பது நாள் வேலை நின்றது. நாகராஜ் மும்பையிலிருந்து வந்து சேர்ந்தார். கம்பெனிக்காரர்கள் அவரைத்தான் நெருக்கினார்கள். இருபதாம் நாள் காலை எட்டு மணிக்குக் கம்பெனியின் இரண்டு லாரிகள் வந்தன. கடற்கரைப் பட்டணத்திலிருந்து கூலிக்குப் பிடித்துப் படகில் கொண்டுவந்த ஆட்கள், நாற்பது பேர் இருக்கும். கையில் இரும்புக் குழாய், நீளக் கத்தி.

சுடலைக்கண்ணன் அப்போது வண்டிக்குள் இருந்தான். நாகராஜ்தான் ஏறி உட்காரச் சொல்லியிருந்தார், சும்மா பயம் காட்ட என்று. லாரியிலிருந்து குதித்தவர்கள் பேசவே இல்லை. முதலில் குடிசைக்குத் தீ வைத்தார்கள். கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை ஒருவன் ஒரு கிழவியின்மேல் உதைத்துத் தள்ளினான். புலானின் தலைமயிரைப் பிடித்துச் சேற்றில் இழுத்தார்கள். அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் கல்லில் வைத்துக் குழாயால் நொறுக்கினார்கள். அவளை மீட்க ஓடி வந்த லஹாங்கின்மேல் கத்தி விழுந்தது. வலது முழங்கைக்குக் கீழே, எலும்பு தெரிகிற வெட்டு. அவன் விழவில்லை. வெட்டுப்பட்ட கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

வாக்கி டாக்கியில் நாகராஜின் குரல் வந்தது. "சுடலை, முன்னால போ. கயித்து மேல ஏத்து. எல்லாரும் ஓடிருவான்."

அவன் வண்டியை எடுத்தான். செயின் உருண்டது. கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் ஓடவில்லை. கத்தி வைத்திருந்தவன் லஹாங்கை நோக்கி இரண்டாவது தடவை கையை ஓங்கினான். அந்த இடத்தில் சுடலைக்கண்ணன் இடது லிவரைத் தள்ளினான். மேல்பாகம் முழுவதும் சுழன்றது. ஒரு டன் கனமுள்ள பக்கெட் பக்கவாட்டில் வீசி, அந்த ஆளை இடுப்பில் அடித்து, பின்னால் நின்ற லாரியின் பலகையோடு சேர்த்து நசுக்கியது. வண்டிக்குள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆளின் வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

பக்கெட்டைத் திருப்பி எடுத்தபோது அந்த ஆள் மண்ணில் சரிந்தான். யாரோ வண்டியின்மேல் ஏறிக் கதவுக் கண்ணாடியை உடைத்துக் கத்தியை உள்ளே விட்டார்கள். சுடலைக்கண்ணனின் தோளில் சூடாக ஏதோ ஊற்றியது போல இருந்தது. அதற்குள் இரண்டு பக்கத்தாரும் சிதறி ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாளே நாகராஜ் அவனைப் படகில் ஏற்றினார். அவன் சுற்றுலா விசாவில் வேலை பார்த்தவன். போலீஸ் கையில் அவன் கிடைத்தால் நாகராஜ்தான் முதலில் மாட்டுவார். லஹாங் என்ன ஆனான் என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான் என்றார். அது பொய்யில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே சில நாளில் அவனைக் கைது செய்ததை மட்டும் அப்புறமும் சொல்லவில்லை.

இவ்வளவையும் சுடலைக்கண்ணன் செண்பகவல்லியிடம் அதுவரை பாதிதான் சொல்லியிருந்தான். நாகராஜ் போனபிறகு மீதியைச் சொன்னான். அவள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். அவள் தோல் பை தைக்கிற பட்டறைக்குப் போகிறவள். அன்றைக்கு நேரமாகியும் கிளம்பவில்லை.

"வேணும்னு அடிச்சீங்களா, தெரியாமப் பட்டுட்டா?" என்று கேட்டாள்.

"வேணும்னுதான் அடிச்சேன். சாகணும்னு நெனைக்கல. அடிக்கணும்னு நெனைச்சேன்," என்றான்.

"கையெழுத்துப் போட்டா நமக்கு ஒண்ணும் வராது?"

"வராது."

"அந்த ஆளுக்கு?"

"லஹாங்குக்கா? பதினஞ்சு வருஷம் ஆகலாம்னு அண்ணாச்சி சொன்னாரு. அவனுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை மட்டும் இருக்கு."

செண்பகவல்லி பட்டறைக்குப் போனாள். சாயங்காலம் வந்து, முகம் கழுவாமலே அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நாலு பை கோணலாத் தச்சுட்டேன். சேட் ஏசுனாரு," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. நாகராஜ் எப்படிப்பட்ட ஆளுன்னு தாராவிக்கே தெரியும். ஆனா நீங்க செஞ்சதுக்கு இன்னொருத்தன் உள்ள கெடக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். எம்மேல பாரத்தப் போடாதீங்க. நீங்களே முடிவு பண்ணுங்க."

அவன் இரண்டு பகலும் முடிவு பண்ணவில்லை. ஒரு சமயம் பேனாவை எடுத்துத் தாளின்மேல் வைத்துக்கூடப் பார்த்தான். லஹாங் ஜெயிலில் என்ன நினைத்துக்கொண்டிருப்பான் என்று யோசித்தான். கோபப்படுகிறவன் என்றால்கூடத் தேவலை. அவனுக்கு எதற்கும் உடனே கோபம் வராது.

மூன்றாம் நாள் காலையில் புலானின் மெசேஜ் வந்தது. புது நம்பர், குன்றில் ஏறி நின்று குரலில் பேசி அனுப்பியிருந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவில் அவள் நிதானமாகப் பேசினாள். "நீ உயிரோட இருக்கியான்னு அண்ணன் கேக்கச் சொன்னான். ஊர்க்காரங்க நூறு பேர் சாட்சி சொல்லியாச்சு. ஊர்க்காரன் ஊர்க்காரனுக்குத்தான் சொல்லுவான்னு யாரும் நம்பலை. உன்னைச் சொல்லச் சொல்லி அண்ணன் கேக்கலை. நான் கேக்குறேன்."

அதைக் கேட்டுவிட்டு அவன் சட்டையை மாட்டினான்.

மாட்டுங்காவில் வக்கீல் கனகவள்ளியை அவனுக்குத் தெரியும். பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டு வழக்கை நடத்தியவள். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிற குடும்பம். அறுபது வயதுக்காரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவன் சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றதை வீடியோவா எடுத்து, எழுத்துலயும் வாங்கி, அந்த ஊர் வக்கீலுக்கு அனுப்பலாம். அந்தக் கோர்ட் ஏத்துக்குமான்னு எனக்குத் தெரியாது," என்றாள். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கோ. அதுக்கப்புறம் கொலை உங்க பேர்ல வரும். அவா உங்களை அனுப்பச் சொல்லிக் கேக்கலாம். கேக்காமலும் போகலாம். அதுக்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா."

"சரின்னு இப்பச் சொல்லாதீங்கோ. ஆத்துல பேசிட்டு நாளைக்கு வாங்கோ."

அவன் படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது எதிரே சாஹில் ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்து நின்றிருந்தான். கூட இன்னும் இரண்டு பேர். பகல் பன்னிரண்டு மணி, பூக்கடைக்கு முன்னால் கூட்டம். சுடலைக்கண்ணன் கத்தியிருக்கலாம். சாஹில் அவன் தோளில், தையல் பிரித்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினான். வலியில் குரல் வெளியே வரவில்லை. காருக்குள் தள்ளிவிட்டார்கள்.

நாகராஜின் யார்டு டிராம்பேயில், கடல்நீர் ஏறுகிற கழிமுகத்தை ஒட்டி இருந்தது. தகரக் கொட்டகை, மூன்று பொக்லைன், பழைய டயர்கள், எண்ணெய் ஊறிக் கருத்த மண். நாகராஜ் டிபன் கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வக்கீல் வீட்டுக்குப் போனியா?" என்று கேட்டார்.

"போனேன் அண்ணாச்சி."

"கோவண்டியில உன்னை ஜனங்க கல்லால அடிக்கையில வந்து தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் நான். மறந்துட்டியா?"

"மறக்கல. அந்த வீட்டை இடிக்கச் சொன்னதும் நீங்கதான்."

நாகராஜ் கையைக் கழுவினார். சாஹிலைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். முதல் அடி வயிற்றில் விழுந்தது. அவன் மடங்கியபோது முழங்காலால் முகத்தில் இடித்தார்கள். மூக்கு உடைந்து வாய்க்குள் ரத்தம் இறங்கியது. கீழே விழுந்தவனைக் காலால் உதைத்தார்கள். அவன் ஒரு தடவை எழுந்து, பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து ஒருவன் முழங்காலில் அடித்தான். அந்த ஆள் ஓலமிட்டு உட்கார்ந்தான். அதற்கப்புறம் அவர்கள் நிதானம் தவறி அடித்தார்கள். சாஹில்தான் அவர்களை விலக்கினான்.

"வலது கையை விட்டுருங்க," என்றார் நாகராஜ். "கையெழுத்துப் போடணும்."

இடது கையைப் பிடித்து டயர் கழற்றுகிற இரும்பு மேடையில் வைத்தார்கள். சாஹில் சுத்தியலை எடுத்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. வேலை பார்க்கிறவன் முகம். மூன்று அடி. மூன்றாவது அடி விழுந்தபோது சுடலைக்கண்ணனுக்குக் கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போனது. அவன் கத்திய சத்தத்துக்குச் சுவருக்கு வெளியே மீன் கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார்கள்.

அவன் கையெழுத்துப் போட்டான். நாலு தாளிலும் போட்டான். மூன்றாவது தாளில் ரத்தம் சொட்டியதால் அதை மட்டும் மறுபடி பிரிண்ட் எடுத்து வந்து போடச் சொன்னார்கள், அதற்கும் போட்டான்.

"போய்க் கட்டுப் போட்டுக்கோ," என்றார் நாகராஜ். "கீழ விழுந்துட்டேன்னு சொல்லு. ஒரு மாசம் கழிச்சு வா, சூப்பர்வைசர் வேலை தாரேன்."

ரோட்டுக்கு வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினான். ஆட்டோக்காரர் தாஹிர் என்கிற வயசாளி. அவனைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கழுத்திலிருந்த துண்டைக் கொடுத்தார். கையில் சுற்றிக்கொண்டான். சயானைத் தாண்டி நகரத்துக்குள் ஆட்டோ போகக் கூடாது என்பதால் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். "உள்ள போங்க பாய், நான் கூட வரேன்," என்று ஹிந்தியில் சொன்னார்.

சுடலைக்கண்ணன் அந்த வாசலைப் பார்த்தான். உள்ளே போனால் கட்டுப் போடுவார்கள், ஊசி போடுவார்கள், தூக்கம் வரும். சாயங்காலம் செண்பகவல்லி வந்து அழுவாள். நாளைக்குக் காலையில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன என்று தோன்றும். தனக்கு அப்படித் தோன்றும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் ரோட்டைக் கடந்து ஒரு டாக்சியில் ஏறி மாட்டுங்கா என்றான்.

கதவைத் திறந்த கனகவள்ளி அவனைப் பார்த்து ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகணும். நானே அழைச்சுண்டு போறேன்."

"இல்லம்மா. முதல்ல வீடியோ. நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது."

அவள் அவனை உட்காரவைத்து, உடைந்த கையைத் தலையணைமேல் வைத்து, தன் போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து நிறுத்தினாள். அவன் முதலில் தமிழில் சொன்னான், பிறகு லஹாங்கிடம் கற்ற பாஷையில் சொன்னான். என் பெயர் சுடலைக்கண்ணன். அன்றைக்கு வண்டியில் இருந்தது நான். லிவரைத் தள்ளியது என் இடது கை. லஹாங் அப்போது வெட்டுப்பட்டுக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றான். இன்றைக்கு நான் வேறு மாதிரிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; எப்படிப் போட்டேன் என்று பாருங்கள். இதைச் சொல்லித் தலையணையோடு கையைத் தூக்கிக் காட்டினான். அதில்தான் அவனுக்கு மயக்கம் வந்தது.

கையில் இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். செண்பகவல்லியை, மகள் கலைச்செல்வியைக் கட்டிக்கொடுத்திருந்த சான்பாடா வீட்டுக்கு அனுப்பிவைக்கப் பார்த்தான். அவள் போக மாட்டேன் என்று ஆஸ்பத்திரித் தரையிலேயே கிடந்தாள். கனகவள்ளி விடாமல் நின்று நாகராஜின்மேல் புகார் பதிய வைத்தாள். நாகராஜும் சாஹிலும் மூன்று வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்கள். சந்துக்குள் மறுபடி வரவில்லை. ஆனால் தாராவியில் எந்தக் காண்ட்ராக்டரும் அவனைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. இடது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. லிவரை அந்தக் கையால் பிடிக்க முடியாது. செண்பகவல்லியின் பட்டறையில் பைகளுக்குப் பசை தடவுகிற வேலைக்குப் போனான்.

ஐந்து மாதம் கழித்து லஹாங்கை விட்டார்கள். சுடலைக்கண்ணன் பேரில் அங்கே வழக்கு இருக்கிறது. அவனை அனுப்பச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை. நாளைக்கே கேட்கலாம்.

விடுதலையான மறுவாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் லஹாங் குன்றின்மேல் ஏறிப் போன் பண்ணினான். சாலை பதினோராவது கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டது, அதில் புல் முளைத்துவிட்டது என்றான். ஊரில் பாதிப் பேர் அவனோடு பேசுவதில்லை. போன மாதம் ஒரு பெண்ணை மறுபடியும் படகில்தான் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள், பிள்ளை பிழைக்கவில்லை. சாலை இருந்திருந்தால் என்று அவள் புருஷன் லஹாங்கின் வாசலில் வந்து நின்று கேட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்ன?" என்று சுடலைக்கண்ணன் கேட்டான்.

"என்ன சொல்றது? எனக்கும்தான் சாலை வேணும்." பிறகு லஹாங் வேறொன்றைச் சொன்னான். "கோர்ட்டுக்கு ரூடியோட அம்மா வந்திருந்தாங்க. கருவாடு விக்கிறவங்க. உன் வீடியோவைப் போட்டப்ப எழுந்து நின்னு கடைசி வரைக்கும் பாத்தாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லல. வெளிய வந்து, உன் பேரு என்னன்னு மட்டும் என்கிட்ட கேட்டாங்க. சொன்னேன். அவங்களுக்கு வாயில வரல. ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்தாங்க."

அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. லஹாங்கின் குரல் விட்டுவிட்டு வந்து, அப்புறம் நின்றுபோனது. சுடலைக்கண்ணன் போனைக் கட்டிலில் வைத்தான்.

செண்பகவல்லி வந்து, யாரு, அவரா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் அவனுடைய மடங்காத விரல்களைத் தன் மடிக்கு இழுத்து, டாக்டர் சொன்னபடி எண்ணெய் போட்டு ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினாள். வலித்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.